படம் வந்தது, குரல் வரவில்லை



தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருத்தி கட்டுரை எழுதுகிறாள் என்றால், பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்று புத்திமதி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைப்பீர்கள். இம்முறை அப்படியல்ல. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். கூடவே, கணினியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும்போது படம் மட்டும் வந்து சத்தம் வராமல் போவது ஏன், அதை நாமே எப்படிச் சரிசெய்து கொள்வது என்பதையும் சொல்லப் போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுமையாகப் படியுங்கள், விளங்கும்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான். 1980ஆம் ஆண்டுகளில் எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. நம் நாட்டில் 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கி, 1978இல் வண்ணமும் வந்துவிட்டது. ஆனால் எங்கள் லயத்துப் பெட்டி கறுப்பு வெள்ளைதான். தமிழ்ப் படம் போடும் நாளில் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்த வீட்டு ஐந்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து விடுவோம். பாதிப் படத்தில் சத்தம் நின்றுபோகும். உடனே அந்த வீட்டுப் பெரியப்பா எழுந்து வந்து பெட்டியின் தலையில் ஓங்கி இரண்டு தட்டு தட்டுவார். சில நேரம் சத்தம் வந்துவிடும். "இதுக்கெல்லாம் அடி கொடுத்தாத்தான் பேசும்" என்று சொல்லிவிட்டுப் பெருமையோடு போய் உட்காருவார். நாங்களும் கைதட்டுவோம்.

அந்தப் பெரியப்பா இன்று இல்லை. அந்தத் தோட்டமும் இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை எனக்கே தெரியாமல் என் மனத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அது எப்படி வெளியே வந்தது என்பதைக் கேளுங்கள்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும், பள்ளிகள் மூடப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். இடையில் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். 2021ஆம் ஆண்டுப் பள்ளித் தவணை ஜனவரி 20ஆம் நாள் தொடங்கியபோது பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல் என்று கணினி, கைப்பேசி வழியாகத்தான் பாடம் தொடங்கியது. என் வகுப்பு ஐந்தாம் ஆண்டு. பதினொரு பிள்ளைகள். அவர்களில் ஏழெட்டுப் பேர் அம்மா அப்பாவின் கைப்பேசியில் வருவார்கள். அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பாடம் இல்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒரு பையன். பெயர் வேண்டாம். அப்பா இல்லை. அம்மா செம்பனையில் உரம் போடவும் உதிரிப் பழம் பொறுக்கவும் போகிறவர். வீட்டில் வயதான பாட்டி. தொடக்கத்தில் அந்தப் பையன் வகுப்புக்கே வரவில்லை. பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை திடீரென்று திரையில் தோன்றினான். தலை வாரி, திருநீறு பூசி, பள்ளிச் சீருடையிலேயே உட்கார்ந்திருந்தான். எனக்கும் மகிழ்ச்சி. "வாப்பா, வணக்கம்" என்றேன். அவன் சிரித்தான். பதில் வணக்கம் சொல்லவில்லை.

அன்று கேள்வி கேட்டேன், பதில் இல்லை. மறுநாளும் இல்லை. நான் பேசும்போதெல்லாம் என்னையே உற்றுப் பார்ப்பான். பெயர் சொல்லி அழைத்தால் சிரிப்பான், அல்லது குனிந்து எழுதுவான். மற்றப் பிள்ளைகள் "டீச்சர் ஒன்னத்தான் கூப்புடுறாங்கடா!" என்று கத்துவார்கள். அதற்கும் அதே சிரிப்பு. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னேன்: "பல்லைக் காட்டினால் பாடம் ஏறிவிடுமா? அக்கறை இல்லையென்றால் எதற்கு வந்து உட்கார்ந்து மற்றவர்கள் நேரத்தையும் கெடுக்கிறாய்?"

அவன் அதற்கும் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வருகைப் பதிவில் அவன் பெயருக்கு எதிரே "பங்கேற்பதில்லை" என்று எழுதினேன். அன்று மாலை ஆறு மணிக்கு, அம்மா வேலை முடிந்து குளித்திருப்பார் என்ற கணக்கில், குறை சொல்வதற்காக அவருக்குத் தொலைபேசி செய்தேன்.

"வணக்கம் டீச்சர், பையன் நல்லாப் படிக்கிறானா? பாடம் நல்லா நடக்குதுன்னு சொன்னான் டீச்சர்" என்றார் அவர், நான் வாயைத் திறக்கும் முன்பே.

நான் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு அவர் பையனைக் கூப்பிட்டுக் கேட்பது கேட்டது. ஒரு முறை கேட்டார், இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை அவன் அழ ஆரம்பித்தான்.

"டீச்சர்..." அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "மூணு நாளா அதுல சத்தமே வரலயாம் டீச்சர். நீங்க பேசுறது ஒன்னுமே அவனுக்குக் கேக்கலயாம். வாயசைக்கிறதப் பாத்துக்கிட்டு, நீங்க காட்டுறத எழுதிக்கிட்டு இருந்திருக்கான். எங்கிட்டச் சொன்னா அழுவேன்னு சொல்லலயாம்."

வாசகர்களே, அந்த நிமிடத்தில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று எண்ணிப் பாருங்கள். அக்கறை இல்லை என்று நான் சொன்னேனே, அதுகூட அவன் காதில் விழவில்லை! டீச்சர் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று மகிழ்ந்து சிரித்திருக்கிறான். பெட்டியின் தலையில் தட்டிய பெரியப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது பெட்டியைத்தான் தட்டினார்.

மெல்ல மெல்லச் செய்தி முழுவதும் வந்தது. அம்மா தன் தோட்டை அடகு வைத்து 250 வெள்ளிக்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் திரை உடைந்தது. அதனால்தான் அந்த விலை. விற்றவர் ஒரு கம்பியையும் கொடுத்து, "தொலைக்காட்சியில் மாட்டினால் படம் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் தன் வீட்டு இணையத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எல்லாம் கூடிவந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தோடும் போய், வாங்கிய பொருளும் கெட்டுப் போயிற்று என்று தெரிந்தால் அம்மா என்ன ஆவார் என்று பதினொரு வயதுப் பையன் மூன்று நாள் யோசித்திருக்கிறான்.

"பட்டணத்துக் கடைக்குக் கொண்டு போகவா டீச்சர்? எவ்வளவு கேப்பாங்க?" என்றார் அம்மா. "கொஞ்சம் பொறுங்கம்மா. காசு செலவு பண்றதுக்கு முன்னால நாமளே பாத்துடுவோம்" என்றேன். வீட்டுக்கு வீடு போகக் கூடாத காலம் அது. ஆகவே நான் என் வீட்டில் என் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டேன். அங்கே அம்மா கைப்பேசியைப் பையனின் காதருகே பிடித்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல அவன் செய்தான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் மின்னியல் படித்தவள் அல்ல. பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்றுக் கொடுத்தது கண்ணாடித் தாளில் எழுதி ஒளிபாய்ச்சிச் சுவரில் காட்டும் வித்தைதான். பள்ளியில் பாடப் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டப் போய், பலமுறை பிள்ளைகள் முன்னால் திருதிருவென்று விழித்து, அதன் பிறகு கற்றுக்கொண்டவை இவை. எனக்கு வந்ததென்றால் உங்களுக்கும் வரும்.

முதலில் ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் சத்தம் லயத்துக் குழாய்த் தண்ணீர் மாதிரி. தொட்டியிலிருந்து பல கிளைக் குழாய்கள் போகின்றன. எந்தக் குழாயைத் திறந்து விட்டிருக்கிறோமோ அதில்தான் தண்ணீர் போகும். கணினிக்கும் தன் சொந்த ஒலிபெருக்கி, காதுக்கருவி, தொலைக்காட்சி என்று பல கிளைகள் உண்டு. தொலைக்காட்சியில் படம் தெரிகிறது என்பதால் சத்தமும் அந்தப் பக்கம்தான் போகிறது என்று எண்ணக் கூடாது. படத்துக்கு ஒரு கட்டளை, சத்தத்துக்கு வேறொரு கட்டளை.

"தம்பி, முதல்ல கம்ப்யூட்டரை விட்டுடு. டிவியில செய்தி வருதா பாரு, சத்தம் இருக்கா?" என்று கேட்டேன். டிகோடர் பெட்டி வழியாகச் செய்தி வந்தது, சத்தமும் கணீரென்று கேட்டது. ஆகவே தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி நல்ல நிலையில் இருக்கிறது. சத்தத்தை யாரும் அடைத்து வைக்கவும் இல்லை. இந்தச் சோதனையை எப்போதும் முதலில் செய்யுங்கள். தொலைக்காட்சியே ஊமையாக இருந்தால் கணினியை ஆயிரம் முறை தட்டினாலும் பயனில்லை. சில வீடுகளில் தொலைக்காட்சியில் காதுக்கருவி செருகியபடியே இருக்கும். அல்லது சத்தம் வெளி ஒலிபெருக்கிக்குப் போகும்படி அமைத்திருக்கும். அதையெல்லாம் இப்போதே கண்டுபிடித்து விடலாம்.

அடுத்தது கம்பி. "முனை எப்படி இருக்கு? நீலமா, ரெண்டு பக்கமும் திருகாணி இருக்கா?" என்றேன். "இல்ல டீச்சர், கறுப்பு, தட்டையா இருக்கு" என்றான். நிம்மதி. நீல நிறத்தில் 15 ஊசியும் இரு பக்கம் திருகாணியுமாக இருப்பது வி.ஜி.ஏ. என்ற பழைய வகை. 1987இல் வந்தது. அது படத்தை மட்டுமே கொண்டு போகும், சத்தத்தைக் கொண்டு போகவே போகாது. உங்கள் வீட்டில் அந்தக் கம்பி என்றால் கணினி கெட்டுப் போகவில்லை. கணினியில் காதுக்கருவி செருகும் துளையிலிருந்து தொலைக்காட்சியின் 'ஆடியோ இன்' என்ற துளைக்குத் தனியாக ஒரு சத்தக் கம்பி போட வேண்டும், அவ்வளவுதான். தட்டையாக, கீழ்ப் பக்கம் சற்றுக் குறுகலாக இருப்பது எச்.டி.எம்.ஐ. 2002இல் அறிமுகமான அந்த வகை படம், சத்தம் இரண்டையும் ஒரே கம்பியில் கொண்டு போகும்.

ஆனால் எச்.டி.எம்.ஐ. கம்பியே கெட்டிருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. "டிகோடர்ல மாட்டியிருக்கும் கம்பியும் அதே மாதிரிதானே? அந்தக் கம்பியை டிவி பக்கம் கழட்டாதே, டிகோடர் பக்கம் மட்டும் கழட்டிக் கம்ப்யூட்டர்ல மாட்டு" என்றேன். சற்று முன்தான் அந்தக் கம்பியிலும் தொலைக்காட்சியின் அந்தத் துளையிலும் செய்தி சத்தத்தோடு வந்தது. ஆகவே கம்பி நல்லது, துளை நல்லது, தொலைக்காட்சி நல்லது என்று மூன்றும் ஒரே நேரத்தில் உறுதியாகிவிட்டன. கணினியின் படம் வந்தது. சத்தம் இன்னும் இல்லை.

"டீச்சர், அப்போ கம்ப்யூட்டர்தான் கெட்டுப் போச்சா?" என்றான். அவன் குரல் நடுங்கியது. "கெட்டுப் போகல. எங்கே போகணும்னு அதுக்கு யாரும் சொல்லல" என்றேன். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

திரையின் வலது கீழ் மூலையில் சின்ன ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதைச் சொடுக்கச் சொன்னேன். அப்போதிருந்த விண்டோஸ் 10இல், சத்தம் கூட்டிக் குறைக்கும் கோட்டுக்கு மேலே, சத்தம் எங்கே போகிறது என்று எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தொட்டால் சத்தம் போகக்கூடிய இடங்களின் பட்டியல் விரியும். விண்டோஸ் 11இல் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே உள்ள குறியைத் தொட வேண்டும். பட்டியலில் உங்கள் தொலைக்காட்சியின் பெயர் இருந்தால் அதைத் தொடுங்கள். பத்தில் ஏழெட்டு வீட்டுத் தொல்லை அந்த ஒரு தொடுதலில் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

எங்களுக்குத் தீரவில்லை. அவன் வாசித்தது ஒரே ஒரு பெயர்தான்: 'ஸ்பீக்கர்ஸ்'. அது மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கி. திரை உடைந்தபோதே அதுவும் செத்துப் போயிருக்க வேண்டும். மூன்று நாளும் என் பாடமெல்லாம் உடைந்த குழாயில் விட்ட தண்ணீராகப் போயிருக்கிறது!

எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். கம்பியைப் பிடுங்கி மறுபடி நன்றாகச் செருகி, முதலில் தொலைக்காட்சி, பிறகு கணினி என்ற வரிசையில் திறக்கச் சொன்னேன். எதிரே தொலைக்காட்சி விழித்திருந்தால்தான் சில கணினிகள் அதை அடையாளம் கண்டு பட்டியலில் சேர்க்கும். அப்போதும் பெயர் வரவில்லை.

இனி ஒரே ஒரு கதவுதான் பாக்கி. அதே ஒலிபெருக்கிப் படத்தின் மேல் வலப் பக்கப் பொத்தானை அழுத்தி 'சவுண்ட்ஸ்' என்பதைத் திறக்கச் சொன்னேன். விண்டோஸ் 11 என்றால் 'சவுண்ட் செட்டிங்ஸ்' போய், கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் தொட வேண்டும். 'பிளேபேக்' என்ற பக்கம் வரும். அதில் வெறுமையான இடத்தில் மறுபடியும் வலப் பக்கப் பொத்தானை அழுத்தி, 'ஷோ டிசேபிள்ட் டிவைசஸ்' என்பதைத் தொடச் சொன்னேன். முடக்கி வைத்தவற்றைக் காட்டு என்று பொருள்.

"டீச்சர்! இன்னொன்னு வந்திருக்கு! மங்கலா இருக்கு! டிவி பேர் போட்டிருக்கு!"

அவன் போட்ட கூச்சலில் பாட்டி "என்னடா ஆச்சு" என்று எழுந்து வந்துவிட்டார். கணினியை முன்பு வைத்திருந்தவர் எதற்காகவோ அந்த வழியை முடக்கி வைத்திருக்கிறார். குழாய் உடையவில்லை, அடைப்பானைத் திருகி மூடியிருந்தார்கள். அதன் மேல் வலப் பக்கப் பொத்தானை அழுத்தி 'எனேபிள்', பிறகு 'செட் ஆஸ் டிஃபால்ட்'. முதலாவது அதை எழுப்பும், இரண்டாவது சத்தம் இனி இங்கேதான் என்று கட்டளையிடும். அதன் பிறகு 'டெஸ்ட்' என்பதைத் தொட்டான். தொலைக்காட்சியிலிருந்து டிங் டிங் என்று சத்தம் வந்தது. எனக்கே தொலைபேசியில் கேட்டது.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். வகுப்பு அறையைத் திறந்து அவனை உள்ளே வரச் சொல்லிப் பேசினேன். அவன் முகம் வாடியது. "கேக்கல டீச்சர்." கணினி பேசுகிறது, வகுப்பு பேசவில்லை! பிறகுதான் எனக்கு உறைத்தது. கூகுள் மீட் போன்ற செயலிகள் சத்தம் போகும் இடத்தைத் தாமே தனியாக வைத்துக்கொள்ளும். மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'செட்டிங்ஸ்' போய், 'ஆடியோ' பகுதியில் 'ஸ்பீக்கர்' என்ற இடத்தில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

"தம்பி, இப்போ டீச்சர் பேசுறது கேக்குதா?"

பதில் வரச் சற்றுத் தாமதமானது. பாட்டிதான் முதலில் சொன்னார்: "ஐயோ, டீச்சர் நம்ம வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கே!" பையன் சிரித்துக்கொண்டே அழுதான். அம்மா எதுவும் பேசவில்லை.

மணி அப்போது எட்டைத் தாண்டிவிட்டது. என் வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கடைப் பிரட்டாதான்.

வாசகர்களே, அந்தப் பையன் வீட்டில் இல்லாத வேறு சில கோளாறுகளும் உங்கள் வீட்டில் இருக்கக் கூடும். அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை எங்கள் பள்ளியில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டக் கணினியைத் தொலைக்காட்சியில் மாட்டினேன். படம் ஆடுகிறது, பாட்டைக் காணோம். அந்த நேரத்தில் ஆசிரியர் அறையிலிருந்து ஓர் ஆசிரியை அலறிக்கொண்டு ஓடி வந்தார். ஆளில்லாத மேசையில் யாரோ பாடுகிறார்களாம்! முதல் நாள் விளையாட்டுப் போட்டிக்கு அந்தக் கணினியோடு கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்றைப் புளூடூத் வழியாக இணைத்திருந்தோம். கணினி அதை மறக்காமல் பாட்டை அங்கேயே அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆகவே சத்தம் வராவிட்டால், புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். காதுக்கருவி ஏதும் செருகியிருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.

செய்தி கேட்கிறது, ஒரு படம் மட்டும் கேட்கவில்லை என்றால், கணினியில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிச் சத்த அளவு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஒலிபெருக்கிப் படத்தின் மேல் வலப் பக்கப் பொத்தானை அழுத்தினால் 'வால்யூம் மிக்ஸர்' வரும். அங்கே ஏதாவது பூச்சியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைக்காட்சியின் பெயர் பட்டியலில் இருந்தும் சத்தம் இல்லையென்றால், 'பிளேபேக்' பக்கத்தில் அதன் 'பிராப்பர்ட்டீஸ்' போய், 'அட்வான்ஸ்டு' பகுதியில் 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொலைக்காட்சிகளுக்குப் பழக்கமான அளவு அது. முடக்கியவற்றைக் காட்டச் சொல்லியும் தொலைக்காட்சியின் பெயர் வரவில்லையென்றால் ஓட்டுமென்பொருளில் குறை இருக்கலாம். எச்.டி.எம்.ஐ. வழியே போகும் சத்தத்தைக் கவனிப்பது பெரும்பாலும் படத்தைக் கவனிக்கும் அதே பகுதிதான். ஆகவே சத்தத்துக்கு உரியதை மட்டுமல்லாமல், 'கிராஃபிக்ஸ்' என்ற படப் பகுதிக்கு உரிய ஓட்டுமென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவும் செய்து பலன் இல்லையென்றால் அப்போது கடைக்குப் போங்கள். போகும்போது என்னென்ன பார்த்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் என்று அறிந்தால் கடைக்காரரும் வேண்டாததை மாற்றச் சொல்ல மாட்டார்.

கடைசியாக ஒன்று. தொலைக்காட்சியை அணைத்தால், கம்பி பிடுங்கப்பட்டதாக எண்ணிக் கணினி சத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக் கூடும். நேற்று வந்த சத்தம் இன்று வரவில்லை என்றால் பதற வேண்டாம். பட்டியலைத் திறந்து மறுபடி தொலைக்காட்சியைத் தொடுங்கள்.

கருவியைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் என் கணக்கு இன்னும் தீரவில்லை அல்லவா?

மறுநாள் காலை வகுப்பு. "வணக்கம் டீச்சர்" என்று முதல் குரலே அவன் குரல்தான். மற்றப் பிள்ளைகள் "ஏய், பேசிட்டான்டா!" என்று ஆரவாரம் செய்தார்கள். நான் அப்படியே பாடத்தைத் தொடங்கியிருக்கலாம். முதல் நாள் நான் திட்டியது அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டிருந்தார்கள். காது கேளாத ஒருவனை டீச்சர் அக்கறை இல்லாதவன் என்று சொன்னதும், அது தவறு என்று தெரிந்த பிறகு டீச்சர் வாயை மூடிக்கொண்டதும் அவர்கள் மனத்தில் தங்கினால், நான் அதன் பிறகு என்ன பாடம் நடத்தி என்ன பயன்?

ஆகவே சொன்னேன். "நேத்து டீச்சர் இவனைத் திட்டினேன். இவனுக்கு அது கேக்கல. கம்ப்யூட்டர்ல சத்தம் வரல. நான் விசாரிக்காம பேசிட்டேன். தப்பு என்னோடதுதான். தம்பி, மன்னிச்சுக்கோப்பா."

அவன் சற்று நேரம் யோசித்தான். பிறகு கேட்டான், "திட்டுனீங்களா டீச்சர்? நான் என்னைப் பாத்து நல்லா எழுதுறேன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவேட்டைத் திறந்து "பங்கேற்பதில்லை" என்பதை அடித்துவிட்டு, "மூன்று நாள் ஒலி கிடைக்கவில்லை, எழுத்து வேலை முழுவதும் செய்துள்ளான்" என்று திருத்தி எழுதினேன். மார்ச் மாதத்தில் பள்ளி திறந்ததும் அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் திரையில் காட்டிய ஒவ்வொரு கணக்கும் அதில் இருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை.

இன்று அவன் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். தோடும் அடகிலிருந்து மீண்டு வந்துவிட்டது. லயத்தில் யார் வீட்டுத் தொலைக்காட்சியில் சத்தம் வராவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் போனவுடன் பெட்டியைத் தட்டுவதில்லை. "மொதல்ல செய்தியப் போடுங்க, சத்தம் வருதான்னு பாப்போம்" என்றுதான் தொடங்குகிறான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கூப்பிட்டும் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், திட்டுவதற்கு முன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாம் சொல்வது அவனுக்குக் கேட்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். எனக்கு மூன்று நாளாயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.